பூச்சு வேலைக்கு முன்பே அலாரம் வயர் இழுக்கச் சொல்லுங்கள்: வெருலத்தில் எங்களுக்கு நடந்தது

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி வெருலம், டோங்காட், ஃபீனிக்ஸ் பக்கம் புதுவீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், சாட்ஸ்வர்த்தில் பழைய வீட்டை நீட்டிக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். சில அலாரம் கம்பெனிகள், சுவருக்குள் வயர் இழுத்துச் சென்சார்களை இணைக்கும் வயர் அலாரம் என்று எழுதிக்கொடுத்து முன்பணம் வாங்குகிறார்கள். சுவர் பூசி முடியும்வரை வராமல் இழுத்தடிக்கிறார்கள். பூச்சு முடிந்ததும், "இனிமேல் வயர் இழுக்கணும்னா சுவரை உடைக்கணும்" என்று சொல்லி, அதே விலைக்கு மலிவான வயர்லெஸ் சென்சார்களை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். வெருலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

வயரா, வயர்லெஸா என்று நன்றாக விசாரித்துவிட்டுத்தான் நாங்கள் முடிவெடுத்தோம். என் மச்சான் எலக்ட்ரீஷியன். சுவர் திறந்திருக்கும்போது வயர் இழுப்பது சுலபம், செலவும் குறைவு என்றார். அசைவைக் கவனிக்கும் சென்சார்களுக்கு, அலாரத்தின் மூளையான பேனல் பெட்டியிலிருந்தே 12 வோல்ட் போய்விடும், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி வேண்டாம். பேனலுக்குள் இருக்கும் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைக் கவனித்துக்கொண்டால் போதும். 2023-இல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துச் செய்த மின்வெட்டு, படுத்திய பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே நாளில் பலமுறை கரண்ட் போனதால் இந்த பேட்டரிகளுக்கு முழுசாக சார்ஜ் ஏற நேரமே கிடைக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் சீக்கிரமே செத்துப்போயின. ஆனாலும் ஒரு பேட்டரியை மாற்றுவது சுலபம். வீடு முழுக்கப் பரவிக்கிடக்கும் சின்ன பேட்டரிகளை நினைவு வைத்து மாற்றுவது கஷ்டம்.

வயர்லெஸ் என்றாலே மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டி முடித்து டைல்ஸ் ஒட்டிய வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் அதுதான் வசதி. டர்பனில் கோடைகாலச் சாயங்கால இடிமின்னலில் நீளமான வயர் வழியாக மின்னழுத்தம் ஏறி பேனலே கருகிப்போவதும் உண்டு. வயர்லெஸ்ஸில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் நல்ல வயர்லெஸ் சென்சாருக்கு நல்ல விலை. எங்களிடம் வாங்கியது அந்த விலை, மாட்டியது வேறு சரக்கு.

கொட்டேஷனில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது: வயர் பேனல், ஒவ்வொரு அறைக்கும் அசைவு சென்சார், வெளிக்கதவுகளுக்குக் கதவு திறந்தால் சொல்லும் காந்த கான்டாக்ட், சைரன், அலாரம் அடித்தால் ஆயுதக் காவலர்கள் வரும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் இணைப்பு. பாதிப் பணம் முன்னாலேயே கட்டினோம். செங்கல் வேலை முடிந்து எலக்ட்ரிக் பைப் பதிக்கும்போது, அலாரம் பைப்பையும் சேர்த்துப் பதிக்கலாம் என்று கான்ட்ராக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனி ஆளுக்கு போன் போட்டால், "அங்கிள், அவங்க வேலை முதல்ல முடியட்டும், நாங்க கடைசியில ஒரே நாள்ல முடிச்சிடுவோம்" என்பார். அடுத்த வாரம் வருகிறேன் என்பார், வரமாட்டார். கான்ட்ராக்டர் எவ்வளவு நாள்தான் பொறுப்பார்? சுவர் பூசினார்கள், பெயின்ட் அடித்தார்கள். அதற்கு மறுநாளே அட்டைப்பெட்டிகளோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். "வயர் எல்லாம் பழசு அங்கிள், இது அப்கிரேட்" என்றார்கள். குடிபோகும் தேதி நெருங்கியிருந்தது. அலாரம் வேலை செய்தால்தான் வீட்டு இன்சூரன்ஸ் செல்லும் என்ற நிபந்தனையும் இருந்தது. அவர்களுக்கும் அது தெரியும்.

புனித வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அன்றைக்கு நம் வீடுகள் பலவும் பூட்டிக்கிடக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதையும் மனதில் வையுங்கள். திரும்பி வந்தபோது சமையலறைப் பின்கதவு நெம்பித் திறந்திருந்தது. அலாரத்தைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தோம். சைரன் அடிக்கவில்லை, அலாரத்தைக் கண்காணிக்கும் கண்ட்ரோல் ரூமிலிருந்து போனும் வரவில்லை. லேப்டாப், டிவி, மாமியாரின் வெண்கல விளக்குகள் எல்லாம் போய்விட்டன. விளக்குகளை நினைத்து அவர் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

மச்சான் வந்து பின்கதவு சென்சாரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மூடியைத் திறந்தால் உடனே எச்சரிக்கை அனுப்ப நல்ல சென்சார்களில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். இதில் அது இல்லவே இல்லை. போர்டின் ஓரத்தில் குறியீடு வைப்பதற்கான ஜம்பர்கள் (மாற்றிச் செருகும் சின்ன இணைப்புகள்) வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் மாறாத ஒரே குறியீட்டை அனுப்பும் பழைய 433 மெகாஹெர்ட்ஸ் ரகம் அது என்றார். அந்த சிக்னலை ஒருவன் பதிவு செய்து திரும்ப அனுப்பவும் முடியும். ரிமோட்டும் அதே ரகமாக இருந்தால், அலாரத்தையே அணைத்துவிடலாம். அப்புறம் பேனலைத் திறந்தார். பேட்டரியின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. நகத்தால் உரித்தால் அடியில் பழைய தேதி. வேறொரு வீட்டிலிருந்து கழற்றிய பேட்டரியை எங்களுக்குப் புதிது என்று போட்டிருக்கிறார்கள்.

வயர்லெஸ் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: சென்சார் தானாகவே அவ்வப்போது "உயிரோடு இருக்கிறேன்" என்று பேனலுக்குச் சொல்கிறதா? நல்லவை அப்படிச் சொல்லும். சொல்லாமல் நின்றுவிட்டால், அலாரத்தைப் போடவும் அணைக்கவும் எண் அழுத்தும் கீபேடில் கோளாறு காட்டும். எங்களுடையது கதவு திறக்கும்போது மட்டும்தான் பேசும். பேட்டரி செத்துவிட்டால் அதற்கு வாயே இல்லை. கதவு மூடியிருக்கிறது என்றே பேனல் நினைத்துக்கொண்டிருக்கும். ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் கார் ரிமோட்டின் சிக்னலை ஜாம் பண்ணி, அதாவது அடைத்து, திருடுவது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே வேலையை இந்த மலிவு சென்சாரிடமும் காட்டலாம். நல்ல பேனல் என்றால் அலைவரிசை அடைபட்டதைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

சோதிப்பது கஷ்டமில்லை. வேலையை முடித்துக் கையெழுத்து கேட்கும்போது, சென்சாரின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கீபேடில் உடனே ஏதாவது காட்ட வேண்டும். அப்புறம் ஒரு சென்சாரிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். சிலவற்றில் சில மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் கோளாறு காட்டியே தீர வேண்டும். அதுவரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வயர் அலாரம் போடுகிறவர்களும் ஒன்று பாருங்கள். வயரின் கடைசியில் போடும் ரெசிஸ்டர், அதாவது வயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பேனல் தெரிந்துகொள்ள உதவும் சின்ன மின்தடை, சென்சாருக்குள் இருக்க வேண்டும். சோம்பேறித்தனமாக அதை பேனல் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டால், நடுவில் யாராவது இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினாலும் பேனலுக்குத் தெரியாது. நம் வீட்டுப் பல்லிகளும் சின்னப் பூச்சிகளும் சென்சாருக்குள் புகுந்து வீண் அலாரம் கொடுக்கும், எனவே வயர் நுழையும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் சென்சார் வைப்பதாக இருந்தால் குரங்கு வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தினமும் வீணாக அடித்தால் நாமே அதை அணைத்துவிடுவோம்.

சரி, கம்பெனியை மாற்றலாம் என்றால் அதிலும் சிக்கல். பேனலின் அமைப்பை மாற்றத் தேவையான ரகசிய எண், அதாவது இன்ஸ்டாலர் கோடு, அவர்கள் கையில் இருந்தது, கேட்டால் தரமாட்டேன் என்றார்கள். அது இல்லாமல் வேறு யாரும் பேனலைத் தொட முடியாது. காசு கொடுத்து வாங்கியது நம் பேனல், அதன் கோடு நம்மிடம் இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே இதை எழுதி வாங்குங்கள்.

மாதாந்திர ஒப்பந்தம் 36 மாதம் என்று பொடி எழுத்தில் இருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அதாவது 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் காட்டி எழுதினேன். தனிமனிதர்களுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுவாக 24 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் என்றால், நாம் வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், நமக்குப் பண லாபம் இருப்பதையும் அவர்கள் காட்ட வேண்டும். 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து நடுவில் ரத்து செய்யலாம். நியாயமான ஒரு தொகையை அவர்கள் கேட்கலாம், மீதி மாதங்களுக்கான முழுப் பணத்தையும் கேட்க முடியாது. 56-ஆம் பிரிவு, தரமில்லாத பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக்கொடுத்து, பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. தேர்வு நம்முடையது, கடைக்காரருடையது இல்லை.

எனக்கு இதில் ரொம்பவும் மனசு நொந்தது இன்சூரன்ஸ் விஷயம்தான். அலாரம் கம்பெனி கொடுத்த சான்றிதழில் "வயர் அலாரம்" என்றே எழுதியிருந்தது. இன்சூரன்ஸிலிருந்து பார்க்க வந்தவர் சுவரில் வயர்லெஸ் சென்சாரைப் பார்த்துவிட்டு, காகிதத்தையும் பார்த்துவிட்டு, எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார். பழைய கொட்டேஷன், வாட்ஸ்அப் செய்திகள், பூசுவதற்கு முன் எடுத்த சுவர் படங்கள் எல்லாம் இருந்ததால்தான் நாங்கள் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க முடிந்தது. வீடு கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள், பைப் எங்கே போகிறது என்பதும் அதில் தெரியும்.

அலாரம் மாட்டுகிறவர்களும் தனியார் பாதுகாப்புத் துறையைக் கண்காணிக்கும் பிசிரா ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், 2001-ஆம் ஆண்டின் சட்டம் அப்படிச் சொல்கிறது. கம்பெனியின் பதிவு எண்ணோடு நிற்காமல், வீட்டுக்கு வரும் ஆளின் பதிவையும் கேளுங்கள். இப்போது கீழ்த்தளத்தில் மச்சான் தனக்குத் தெரிந்த ஒருவரை வைத்து, சுவருக்கு மேலேயே டிரங்கிங் (வயரை மூடும் குழல்) ஒட்டி வயர் இழுத்தாகிவிட்டது. மாடிக்கு, சென்சாரும் பேனலும் ஒன்றோடொன்று பேசும் இருவழி வயர்லெஸ். பழைய கம்பெனி மீது பிசிராவிலும் நுகர்வோர் குறைகளை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனிடமும் புகார் கொடுத்திருக்கிறோம். ஓம்புட்ஸ்மனிடம் போவதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அதன் நகலைக் கையில் வைத்திருங்கள். பூச்சு முடிந்தபின் "அப்கிரேட்" என்று உங்களுக்கும் யாராவது வயர்லெஸ் மாட்டியிருந்தால், இன்று சாயங்காலமே ஒரு சென்சாரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காலையில் கீபேடைப் பாருங்கள்.