வேலு நாச்சியாரா, முத்துத்திருவாயி நாச்சியாரா?

தேவிபட்டினத்தில் அக்கா மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. வேலு நாச்சியார் வேஷம். அட்டை வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டே, "மாமா, நம்ம பக்கம் வேற ராணியே இல்லையா?" என்றாள். இருந்தார்: முத்துத்திருவாயி நாச்சியார்.

இருவர் கதையும் 1772 ஜூனில்தான் திரும்புகிறது. ஆற்காடு நவாபும் கிழக்கிந்தியக் கம்பெனியும் அனுப்பிய படை முதலில் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தது, அப்புறம் சிவகங்கைச் சீமையின் காளையார்கோவிலை. முத்துத்திருவாயி, ராமநாதபுரத்தின் சிறுவயது மன்னர் முத்துராமலிங்க சேதுபதிக்காக ஆட்சியைக் கவனித்துவந்த தாய். கோட்டை விழுந்ததும் மகனோடு திருச்சியில் சிறை.

வேலு நாச்சியார் ராமநாதபுரம் சேதுபதி வீட்டுப் பெண், சிவகங்கை மருமகள். கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் விழுந்தபோது வேலு நாச்சியார் கையில் நாடே இல்லை. மகள் வெள்ளச்சியோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போனார். மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். மருது சகோதரர்கள் துணையோடு படை சேர்த்தார். எட்டு வருஷம்! 1780இல்தான் சிவகங்கை திரும்பக் கிடைத்தது. வாள் சுழற்றியதைவிட, சிதறிய ஆட்களை அத்தனை காலம் கலையாமல் வைத்திருந்ததுதான் எனக்குப் பெரிய தளபதி வேலையாகப் படுகிறது.

போர்த்தலைமை என்று பார்த்தால் வேலு நாச்சியார்தான், சந்தேகமில்லை. 2008இல் தபால்தலைகூட வந்துவிட்டது. ஆனால் முத்துத்திருவாயி, வாரிசான பிள்ளையோடு முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவர். தோற்றவரைத் தலைவி என்று சொல்ல நமக்குக் கொஞ்சம் கஞ்சத்தனம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "சரி மாமா, ஜெயிலுக்குள்ள நிக்கிற ராணிக்கு என்ன வசனம்?" என்றாள். யோசித்தேன், வரவில்லை. அவள் வெள்ளித்தாளை எடுத்துக்கொண்டாள்.