பல் செட்டு கட்டப் போறீங்களா? "பழகிடும்"னு சொன்னா நம்பி உக்காந்துடாதீங்க

கொஞ்சம் பெரிய பதிவு தான், ஆனா வீட்ல வயசான அப்பா அம்மாக்கு பல் செட்டு கட்டலாம்னு யோசிக்கறவங்க முழுசா படிச்சிடுங்க. எங்க நைனா பட்ட கஷ்டம் வேற யாரும் படக்கூடாதுன்னு தான் உக்காந்து டைப் பண்றேன்.

நைனாவுக்கு 68 வயசு. ஹார்பர்ல லோடிங் வேலை பாத்து ரிடையர் ஆனவரு, சுகர் பத்து வருஷமா இருக்கு, புகையிலை போடற பழக்கம் இருந்து இப்போ நிறுத்திட்டாரு. நாங்க இருக்கறது தண்டையார்பேட்டை. அவர் வாய்ல மிச்சம் இருந்தது ஆறு பல்லு, அதுவும் ஆட்டம். வீட்டுக்கு நடந்து போற தூரத்துல ஒரு கிளினிக், பேர இங்க போடல, கம்ப்ளைன்ட் போயிட்டு இருக்கு. வெளிய பேனர்ல மூணே நாள்ல முழு செட்டு, லைஃப் டைம் வாரன்ட்டின்னு போட்டிருந்தாங்க. மேல கீழ ரெண்டும் சேத்து 18,000, அட்வான்ஸ் 10,000ன்னாங்க, என் தம்பி சீட்டு எடுத்த காசுலேர்ந்து குடுத்தான். பில்லு கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னால 10,000ன்னு எழுதி கிறுக்கி குடுத்தாங்க. அப்பவே நான் எழுந்து வந்திருக்கணும்.

ரெண்டு சிட்டிங்ல ஆறு பல்லயும் புடுங்குனாங்க. பத்தாவது நாள் அளவு. ஒரு தட்டுல ரோஸ் கலர்ல மாவு மாதிரி குழைச்சு வாய்க்குள்ள அமுக்கி எடுத்தாங்க, மேல ஒன்னு கீழ ஒன்னு, அப்புறம் கொஞ்சம் மெழுக கடிக்க சொன்னாங்க, மொத்தமே இருபது நிமிஷம். மூணாவது நாள் ரெடி செட்டு. நடுவுல ட்ரையல்னு ஒன்னு கிடையவே கிடையாது. அளவு எடுத்த ஆளு போர்டுல பேர் இருக்கற டாக்டரே இல்ல, லேப்ல வேலை செய்யறவருன்னு அங்க ரிசப்ஷன்ல இருந்த பொண்ணே எனக்கு பிற்பாடு சொல்லுச்சு. பாக்கி 8,000த்த வாங்கிட்டு தான் வாய்ல மாட்டி விட்டாங்க. கண்ணாடில பாத்து நைனா சிரிச்சாரு, எனக்கும் சந்தோஷமா தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அம்மா வெச்ச நெத்திலி கொழம்பு சோத்துல ரெண்டு வாய் தான் வெச்சிருப்பாரு, கீழ் செட்டு கெளம்பி நாக்கு மேல வந்து நின்னுச்சு.

போன் பண்ணா "பழகிடும்மா, எல்லாருக்கும் அப்படி தான்"ன்னாங்க. வலிக்குதுன்னா பழகிடும். பேசும்போது கழண்டு விழுதுன்னா பழகிடும். ஒரு வாரம் அவரும் பல்ல கடிச்சிட்டு பொறுத்துக்கிட்டாரு, வீட்ல யாருக்கும் வலிக்குதுன்னு சொல்றது அவர் வழக்கமே இல்ல. ஒரு ராத்திரி தண்ணி குடிக்கும்போது முகம் சுளிக்கறத பாத்துட்டு செல்போன் டார்ச்ச அடிச்சு வாய தொறக்க சொன்னேன். கீழ் ஈறுல நாக்கு பக்கமா அரிசி அளவுக்கு வெள்ளையா ஒரு புண்ணு, சுத்தி செவந்து போயிருக்கு, செட்ட மாட்டுனா அதோட ஓரம் கரெக்டா அந்த புண்ணு மேலயே போய் உக்காருது. என் கை நடுங்கிடுச்சு.

மறுநாள் கூட்டிட்டு போனா, வாய்க்குள்ள எட்டி கூட பாக்கல. செட்ட கைல வாங்கி மிஷின்ல ரெண்டு இழுப்பு இழைச்சு திருப்பி குடுத்துட்டு 300 ரூபா. இந்த மாதிரி அஞ்சு தடவ. இழைக்க இழைக்க செட்டு இன்னும் லூசாச்சு, அதுக்கு அவங்களே ஒட்டற க்ரீம் ஒரு ட்யூப் வித்தாங்க. இதுக்கு மேல அவங்க சொன்ன பராமரிப்பு தான் பெரிய கொடுமை. ராத்திரியும் கழட்டாதீங்க அப்ப தான் சீக்கிரம் செட்டாகும், நல்லா சுடுதண்ணில போட்டு எடுங்க, பேஸ்ட் வெச்சு தேய்ங்க. மூணுமே தப்பு, எங்களுக்கு தெரியல, அப்படியே செஞ்சோம். ஒரு மாசத்துல மேல் அண்ணம், செட்டு எந்த அளவுக்கு மூடுதோ சரியா அந்த ஷேப்லயே செக்கச்செவேல்னு ஆயிடுச்சு.

அப்புறம் அவர் செட்டு போடறதையே விட்டுட்டாரு. ராயபுரத்துல பெரியப்பா பேத்தி கல்யாணத்துல கர்ச்சீப்ல சுத்தி சட்டை பையில வெச்சிருந்தாரு, போட்டோ எடுக்கறப்ப மட்டும் திரும்பிக்கிட்டு மாட்டிக்கிட்டாரு, பந்தில பிரியாணிய தள்ளி வெச்சிட்டு ரசம் ஊத்தி பெசஞ்சு சாப்பிட்டாரு. அத பாத்துட்டு நானும் சாப்பிடல. ரெண்டு மாசத்துல ஆறு கிலோ எறங்கிட்டாரு. சுகர் மாத்திரை அதே டோஸ், சாப்பாடு பாதி, ஒரு நாள் காலைல வேர்த்து ஊத்தி டெஸ்ட் பண்ணா சுகர் 62. சுகர் இருக்கறவங்க வீட்ல இத கவனிங்க, சாப்பாடு கொறைஞ்சா உடனே டாக்டர்ட்ட சொல்லி மாத்திரைய பாக்கணும்.

எதிர்வீட்டு அக்கா சொல்லி தான் கோட்டை ஸ்டேஷன் எதிர்ல இருக்கற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு போனோம். 1953லேர்ந்து இருக்கற காலேஜ், நாப்பது வருஷம் பக்கத்துலயே இருந்துட்டு எங்களுக்கு தோணல. கூட்டம் தான், காலைலயே போயிடணும், பல தடவ அலையணும், அத மறைக்க விரும்பல. ஆனா அங்க இருந்த டாக்டர் பொண்ணு செட்ட தொடறதுக்கு முன்னாடி கேட்ட மொத கேள்வி, "ஐயா, பல்லு புடுங்கி எத்தன நாள்ல அளவு எடுத்தாங்க?" பத்து நாள்னதும் அவங்களுக்கு புரிஞ்சிடுச்சு.

பல்லு எடுத்ததும் அந்த இடத்துல எலும்பும் ஈறும் கரைஞ்சு வத்திக்கிட்டே வரும், மொத சில மாசம் வேகமா வத்தும். அதனால ஈறு ஆறி ஓரளவு செட்டாக விட்டு அளவு எடுப்பாங்க. இல்ல, உடனே செட்டு வேணும்னா, கொஞ்ச நாள்ல லூசாகும், உள்பக்கம் திரும்ப ரொப்பி சரி பண்ணணும்னு முன்னாடியே சொல்லி தான் குடுக்கணுமாம். எங்ககிட்ட இத பத்தி ஒரு வார்த்த சொல்லல. அதோட கொதிக்கற தண்ணில போட்டதுல பிளாஸ்டிக் வளைஞ்சும் போயிருந்துச்சு. அண்ணம் செவந்தது பூஞ்சத் தொத்து, ராத்திரி பகல் கழட்டாம போட்டதாலயும் சுகராலயும். மொத வேலையா செட்ட கழட்டி வெச்சிட்டு மருந்து தடவ சொன்னாங்க. புண்ணு ரெண்டு வாரத்துல ஆறலன்னா சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும், புகையிலை போட்டவருன்னாங்க. அந்த ரெண்டு வாரம் நானும் அம்மாவும் தூங்கல. நல்லவேளை ஆறிடுச்சு. செட்டு உறுத்தி வந்த புண்ணுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டு மாசக்கணக்குல விட்டுடாதீங்க.

அப்புறம் தான் புது செட்டு. மொத ஒரு அளவு, அத வெச்சு நைனா வாய்க்குன்னே ஒரு தட்டு செஞ்சு ரெண்டாவது அளவு, கன்னத்த இழுத்து உதட்ட இழுத்து நாக்க நீட்ட சொல்லி ஓரமெல்லாம் பாத்து எடுத்தாங்க. இன்னொரு நாள் மேலயும் கீழயும் எங்க கடிக்குதுன்னு அளவு. இன்னொரு நாள் மெழுகுல பல்ல வெச்சு ட்ரையல், பேச சொல்லி, சிரிக்க சொல்லி, எங்கள பாக்க விட்டு, கலர் ஓகேவான்னு கேட்டாங்க. மெழுகுல இருக்கறப்ப தான் மாத்த முடியும், அப்புறம் கஷ்டம். மூணு நாள்ல முழு செட்டுன்னு சொல்றவங்க இதுல எத விட்டுட்டு செய்யப் போறாங்கன்னு தெளிவா கேளுங்க.

பழகிடும்ங்கறது முழு பொய்யும் இல்ல, அதனால தான் நாங்க ஏமாந்தோம். வாய் நெறைய எதையோ வெச்சிருக்கற மாதிரி இருக்கறது, எச்சில் ஊறிக்கிட்டே இருக்கறது, ச, ஸ வராம கொழர்றது, இதெல்லாம் சில வாரத்துல நிஜமாவே சரியாகும். தினத்தந்திய சத்தமா படிக்க சொன்னாங்க, நைனா தினமும் திண்ணைல உக்காந்து ஒரு பக்கம் படிப்பாரு. கீழ் செட்டு மேல் செட்டு அளவுக்கு எப்பவும் கவ்வாது, மேலுக்கு அண்ணம் முழுக்க பிடிப்பு இருக்கு, கீழ அந்த இடமே இல்ல, நாக்கு வேற தள்ளும், அதயும் சொல்லி தான் குடுத்தாங்க. ஆனா புண்ணு பழகாது. கடிச்சா ஒரு பக்கம் தூக்கறது பழகாது. அதுக்கு டாக்டர் தான் பாக்கணும், அதுவும் செட்ட போட்டுக்கிட்டே போகணும், கழட்டி வெச்சிட்டு போனா எங்க உறுத்துதுன்னு அவங்களுக்கு தடமே தெரியாது. வீட்ல அரம் எடுத்து இழைக்கறது, ஒடைஞ்சா ஃபெவிக்விக் போட்டு ஒட்டறது, ரெண்டும் வேணவே வேணாம்.

இப்போ வீட்ல செய்யறது இது தான். ராத்திரி கழட்டி சாதா தண்ணில மூழ்க வெப்போம், காய விட்டா ஷேப் மாறிடும். சாஃப்ட் பிரஷ்ல லேசா சோப்பு தொட்டு தேய்ப்பாரு, பேஸ்ட் கீறல் போடும், கீறல்ல அழுக்கு பிடிக்கும். தேய்க்கறப்ப கீழ வாளில தண்ணி வெச்சுக்குவாரு, கை நழுவுனாலும் தரைல விழாது. ஈறயும் நாக்கயும் ஈரத்துணியால தொடைக்கணும், சாப்பிட்டு எழுந்ததும் செட்ட கழட்டி ஒரு தடவ அலசணும். சாப்பாட்ட சின்னதா நறுக்கி ரெண்டு பக்கமும் சமமா மெல்லணும், முன் பல்லால கடிச்சு இழுத்தா பின்னாடி தூக்கிடும். ஆரம்பத்துல சுறா புட்டு தான் அவருக்கு கைகுடுத்துச்சு, முள்ளு இல்ல, மெத்துன்னு இருக்கும்.

பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பில்லு கேளுங்க. அளவு எடுக்கறவரு டாக்டரா, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்னன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. எங்க மாதிரி ஏமாந்திருந்தா கவுன்சிலுக்கும் எழுதலாம், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் இல்ல. எங்க கிட்ட பில்லு இல்லாததால அந்த விசிட்டிங் கார்டும், தம்பி பாக்கி 8,000த்த ஜிபே பண்ண ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸாப்ல வந்த "பழகிடும்" மெசேஜும் தான் ஆதாரம். பழைய செட்டயும் ஒரு டப்பால தண்ணி ஊத்தி பத்திரமா வெச்சிருக்கேன்.

நைனாவுக்கு திங்கக்கிழமை மறுபடி செக்கப். புது செட்டுல இடது பக்கம் லேசா உறுத்துதாம். இந்த தடவ அவரே வாய தொறந்து சொன்னாரு.