கார்டா, ஜி.எச்.சா, பாலிசியா? சேலத்துக் குடும்பத்துக்கு எது தோது

சேலத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வீட்டில் முதலில் கிளம்புகிற விவாதம் ஜி.எச்.சுக்குப் போவதா, அஞ்சு ரோட்டுப் பக்கம் தனியாரிடம் போவதா, அரசுக் காப்பீட்டுக் கார்டு செல்லுமா என்பதுதான். "ஜி.எச்.ல யாருங்க நின்னு பாப்பாங்க?" என்பார் ஒருவர். "பிரைவேட்டுக்குப் போனா நகை அடகுக் கடைக்குப் போயிரும்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் நிஜம்தான். ஆனால் ஒருவர் மனதில் இருப்பது காய்ச்சல், மற்றவர் மனதில் இருப்பது ஆபரேஷன். அதனால் எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த நோய்க்கு எந்த வழி என்று பார்த்தால்தான் பணமும் நாளும் மிஞ்சும். ஏற்காட்டு மலை ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும்.

முதலில் கார்டு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. பெயர் எத்தனை முறை மாறினாலும் இன்னும் பாதிப் பேர் வாயில் அது 'கலைஞர் கார்டு'தான். இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள்.

ஐந்து லட்சம் என்று கேட்டதும் எல்லா வைத்தியமும் இதில் அடங்கிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கார்டு பெரும்பாலும் கட்டிலில் படுத்து எடுக்கிற சிகிச்சைக்குத்தான். பட்டியலில் உள்ள ஆபரேஷன், இதயம், சிறுநீரகம், புற்றுநோய், டயாலிசிஸ், அப்புறம் குறிப்பிட்ட சில பெரிய பரிசோதனைகள். மாதாமாதம் வாங்குகிற சுகர் மாத்திரைக்கும், காய்ச்சலுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற ஃபீஸுக்கும், முழங்கால் வலிக்கு எடுக்கிற எக்ஸ்ரேவுக்கும் அது வராது. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை செய்கிறவரின் கையிலிருந்து மாதம் தவறாமல் போகிற பணம் இதற்குத்தான். ஆபரேஷன் வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ வரும். பிபி மாத்திரை தினமும்.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டாலும் 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து போட்டது 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது என்கிறது மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு. இறங்கியது நல்லதுதான். ஆனாலும் நூற்றுக்கு நாற்பது ரூபாய் கிட்டத்தட்ட இன்னும் நம் கையிலிருந்துதான் போகிறது.

கார்டை எடுத்துக்கொண்டு தனியாரிடம் போனால் எப்படி இருக்கும்? பித்தப்பைக் கல்லுக்காக என் சித்தியோடு ஒரு மருத்துவமனைக்குப் போனபோது பார்த்தது இது. டாக்டர் பார்க்கும் வரை எல்லாம் சுமுகம். அப்புறம் இன்சூரன்ஸ் கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள்.

"கார்டு இருக்குங்களாம்மா?"

"இருக்குங்க சார்."

"சரிங்கம்மா, அப்ரூவல் வர ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் ஸ்கேனுக்கும் பிளட் டெஸ்ட்டுக்கும் கட்டிருங்க."

கட்டினோம். ஆபரேஷன் இலவசமாக நடந்தது, அதில் குறையே இல்லை. ஆனால் அட்மிஷனுக்கு முன்னால் கட்டியது திரும்பி வரவில்லை. இலவசம் என்று நம்பிப் போகிறவர்கள் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு போவது நல்லது. அட்மிட் ஆன பிறகும் பேக்கேஜில் அடங்கியதற்குத் தனியாகக் காசு கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். கவுன்ட்டரிலேயே அந்த எண்ணைச் சத்தமாகச் சொன்னால் சில நேரம் பேச்சு மாறும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, இதே கார்டு ஜி.எச்.சிலும் செல்லும். அங்கே எப்படியும் இலவசம்தானே, கார்டை எதற்கு நீட்ட வேண்டும் என்று தோன்றும். நீட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது. கருவி வாங்கவும் பழுது பார்க்கவும் அது உதவுகிறது. ஆகவே ஜி.எச்.சில் படுத்தாலும் கார்டைக் காட்டிவிடுங்கள்.

நம் ஜி.எச்., அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1986இல் வந்தது. நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி என்று சுற்று வட்டாரமெல்லாம் பல ஆண்டுகளாக இங்கேதான் வந்து விழுந்தது. தர்மபுரிக்கு 2008இல் மருத்துவக் கல்லூரி வந்தது. நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சிக்கு 2022 ஜனவரியில் வந்தன. அப்படியும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் பாதிக்கப்பட்டவர்களில் பலரை இங்கேதான் கொண்டு வந்தார்கள். தீக்காயம், பாம்புக்கடி, விஷம் குடித்தது, தலையில் அடி இவற்றுக்கெல்லாம் ஜி.எச்.தான் என் முதல் தேர்வு. இந்த நோய்களை அன்றாடம் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன, விஷமுறிவு மருந்து இலவசம், நடு ராத்திரியிலும் டாக்டர் இருப்பார். ஏசி அறையும் சுத்தமான கழிப்பறையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். அந்த ஆளின் கூலி எந்தக் காப்பீட்டிலும் வராது. ஜி.எச்.சின் உண்மையான செலவு அதுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு இந்தச் செலவு இரட்டிப்பு. ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. அது ஏற்காடு டவுனிலிருந்து. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் மாதிரி ஊர்களிலிருந்து முதலில் டவுனுக்கு வர வேண்டும். வண்டி நேரம் பார்த்துக் கிளம்பி, ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கித் திரும்பினால் எஸ்டேட்டில் ஒரு நாள் கூலி போச்சு. கூட வந்தவரின் கூலியும் போச்சு. மழைக்காலத்தில் இன்னொரு தலைவலி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தையே நிறுத்தினார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் கீழே எத்தனை லட்சத்துக்குக் காப்பீடு இருந்து என்ன?

அதனால்தான் மலையில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை நான் கார்டுக்கு மேலே வைக்கிறேன். நகரத்தில் இருப்பவர்கள் அதைத் தடுப்பூசி போடுகிற இடம் என்றுதான் நினைக்கிறார்கள். சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரை அங்கே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் வாங்கிய திட்டம் அது. தன்னார்வலர் அக்கா வாசலில் உட்கார்ந்து பிபி கருவியின் பட்டையைக் கையில் சுற்றி, அளவை நோட்டில் எழுதி, "போன மாசம் மாத்திரை மிச்சம் இருக்கே, ஏன் பாட்டி போடல?" என்று கேட்கிறார் பாருங்கள், அந்தக் கேள்வியை எந்தத் தனியார் மருத்துவமனையும் கேட்காது. பக்கவாதம் வந்த பிறகு கார்டில் லட்சக்கணக்கில் செலவழிப்பதைவிட அந்த மிச்ச மாத்திரையை விழுங்க வைப்பது மலிவு.

அரசு மருந்தின் தரம் பற்றிச் சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, ஒவ்வொரு பேட்ச் மருந்திலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறார்கள். மற்ற மாநிலங்கள் இந்த முறையைப் பார்த்துத்தான் தங்களுக்கும் அமைத்துக்கொண்டன. மாத்திரை அட்டை பளபளப்பாக இல்லை என்பதற்காகக் கடையில் போய்க் காசு கொடுக்க வேண்டியதில்லை. இருப்பு இல்லை என்று சொன்ன மாதத்துக்கு, மருந்து மலிவாகக் கிடைக்கிற முதல்வர் மருந்தகமோ மக்கள் மருந்தகமோ போகலாம். 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள்.

நாய்க்கடிக்கும் அதே பதில்தான். ஏற்காட்டில் குரங்குக் கடியும் சேர்த்தி. சுற்றுலா வருகிறவர்கள் குரங்கு பிராண்டினால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதற்கும் ரேபிஸ் ஊசி வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். தனியாரில் ஒவ்வொரு ஊசிக்கும் காசு கொடுக்க வேண்டும் என்பதால் இரண்டாவதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. காயம் ஆழமாக இருந்தால் அதைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

பிரசவத்தில் ஒப்பீடு இன்னும் தெளிவு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது, 99.6 சதவீதம். ஆனால் சிசேரியன் அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். சிக்கலான கேஸ்கள் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்பப்படுகின்றன என்பதை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். இதற்கு மேல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி. 14,000 பணமாகவும் மிச்சம் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். மலைப்பகுதிப் பெண்களுக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து தங்கக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் வீட்டில் இன்னொரு சின்னக் குழந்தை இருக்கிற பெண்ணை ஒரு வாரம் வந்து படு என்றால் அவள் வரமாட்டாள், அதுவும் தெரிந்ததுதான்.

சாலை விபத்துக்குக் கார்டைத் தேடாதீர்கள். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். எந்த ஊர்க்காரர், வருமானம் எவ்வளவு, கார்டு உண்டா என்று கேட்கக் கூடாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காடு மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்ததே, அந்த மாதிரி நேரத்தில் 108 கொண்டு சேர்க்கிற பட்டியல் மருத்துவமனை அரசானாலும் தனியாரானாலும் அந்த 48 மணி நேரத்துக்கு ஒன்றுதான். அதற்குப் பிறகு என்ன என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். 49ஆவது மணி நேரத்தில் மீட்டர் ஓடத் தொடங்கும். கார்டு இல்லாதவர்கள் ஜி.எச்.சுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாகச் சொந்தப் பாலிசி. ஆண்டு வருமானம் 1,20,000 என்றால் மாதம் 10,000. அஸ்தம்பட்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவருக்கு மாதம் 15,000 வந்தால் கார்டு கிடையாது. அந்தச் சம்பளத்தில் நால்வருக்குப் பாலிசி போடவும் முடியாது. இந்த இடைப்பட்ட ஆட்கள்தான் சேலத்தில் அதிகம், இவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள், அந்த அளவுக்கு ஆறுதல். பாலிசி எடுத்தால் முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் வராது. ஏற்கனவே இருக்கிற சுகர், பிபி சார்ந்த சிகிச்சைக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். அறை வாடகைக்கு உச்சவரம்பு உள்ள பாலிசியில் வசதியான அறை எடுத்தால் வாடகையோடு நிற்காது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு மாதிரியானவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். நாற்பது வயதுக்குள் நோய் எதுவும் இல்லாதபோது எடுத்தால்தான் பாலிசி தோது. அறுபது வயது அப்பாவுக்கு சுகர் வந்த பிறகு எடுப்பதைவிட அந்தப் பிரீமியத்தைத் தனியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு ஜி.எச்.சை நம்புவதே மேல் என்பது என் கருத்து.

அந்தக் கணக்கர் பாலிசி ஏஜென்ட்டிடம் பேசுவதற்கு முன்னால் முதலாளியிடம் ஒன்று கேட்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையா? சம்பளம் 21,000க்குள்தானே? அப்படியானால் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு கட்ட வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. 15,000 சம்பளத்தில் இவருக்குப் பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி போட வேண்டியது 487 ரூபாய் 50 காசு. இதில் காய்ச்சலுக்கு மாத்திரையும் உண்டு, ஆபரேஷனும் உண்டு, மனைவி மக்களுக்கும் உண்டு. நோயில் படுத்தால் தகுதி நாட்கள் இருக்கும்பட்சத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் வரும். கார்டு, பாலிசி இரண்டுமே தராத சங்கதி அது. இந்த மாதச் சம்பள ரசீதில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதே தருவதில்லை என்றால் உங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பரையாவது கேட்டு வாங்குங்கள்.