டைல்ஸை உடைக்கும் முன் கசிவைக் கண்டுபிடித்தவர்கள்

எங்கள் படுக்கையறைச் சுவரின் அடியில் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளங்களாக உப்பி உதிரத் தொடங்கியது நடுக்கோடையில் என்பதால், அது மழைநீர் அல்ல என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. முதலில் வந்த பிளம்பர் மறுபுறக் குளியலறையில் நான்கு டைல்ஸை உடைத்து, அங்கிருந்த குழாய் காய்ந்து கிடப்பதைக் கண்டு, நஹானி ட்ராப்பை (தரையில் கழிவுநீர் இறங்கும் துளையை) சுற்றிச் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார், ஓதம் நிற்கவில்லை. அதன் பிறகே, கசிவு கண்டறிவதை மட்டுமே தொழிலாகச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை அழைத்தோம்.

முன்தினம் இரவே, மோட்டாரை அணைத்து, எல்லாக் குழாய்களையும் மூடி, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும்படி தொலைபேசியில் சொன்னார்கள். காலையில் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. யாரும் தண்ணீர் திறக்காதபோது மட்டம் இறங்கினால், கசிவது கழிவுநீர்க் குழாயாக இருக்க முடியாது. ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க, அதில் கலர்ப்பொடி கலந்து, கோப்பையில் நிறம் இறங்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார்கள்.

இதற்கு அடுத்த கட்டம்தான் என் மதிப்பைப் பெற்றது. கீசரின் இணைப்புகளைக் கழற்றி, குளிர்நீர் லைனையும் சுடுநீர் லைனையும் டம்மி பிளக் போட்டுத் தனித்தனியே அடைத்து, கைப்பம்பால் 5 கிலோ அழுத்தம் ஏற்றினார்கள். குளிர்நீர் லைனில் அழுத்தமானியின் முள் அசையவில்லை. சுடுநீர் லைனில் பத்து நிமிடத்தில் 3 கிலோவுக்கு இறங்கியது. வெப்பப் படக் கேமரா சுவரை ஊடுருவிக் குழாயைக் காட்டும் என்று பலர் நினைக்கிறோம். அது மேற்பரப்பின் வெப்ப வேறுபாட்டை மட்டுமே காட்டும். ஆகவே கீசரை மீண்டும் பொருத்திச் சுடுநீரை ஓடவிட்டார்கள். சற்று நேரத்தில் சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாய்க்குக் கீழே ஒரு வெதுவெதுப்பான திட்டு திரையில் மெல்ல விரிந்தது. ஓதம் தெரிந்த இடத்திலிருந்து அது நான்கடி தள்ளி இருந்தது. டைல்ஸுக்கு அடியிலேயே தண்ணீர் அவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. ஒரே ஒரு டைலை எடுத்ததும், குழாய் வளையும் இடத்தில் இருந்த எல்போ இணைப்பில் முடியிழை போன்ற விரிசலைக் கண்ணால் பார்த்தோம்.

கட்டணம் 4,500 ரூபாய். பழுதை இவர்கள் சரிசெய்வதில்லை என்பதை முன்பே சொல்லியிருக்கலாம். அதற்குத் தனியாக ஆள் தேட வேண்டியிருந்தது. அறிக்கையில் இருந்த படங்களும் தெளிவாக இல்லை. ஆயினும், சுவருக்குள் குழாய் பதித்த வீட்டில் ஓதம் கண்டவர்கள், கொத்தனாரை அழைக்கும் முன் இத்தகையவர்களை அழைக்க வேண்டும் என்றே சொல்வேன்.

சுவர் முழுதும் காயும்வரை பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று அவர்கள் எச்சரித்துச் சென்று ஐந்து வாரங்கள் ஆகின்றன. சுரண்டிய சுவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தொட்டால் கையில் ஈரம் ஒட்டுவதில்லை.