ஐ.நா. தன்னார்வலர் வேலை: காங்கேயத்துக்காரன் அனுபவம்

2011-ல நாடு பிரிஞ்சப்பவே தொடங்கின தெற்கு சூடான் ஐ.நா. அமைதிப் பணியில, தகவல் அறிக்கை அலுவலரா தன்னார்வலரா இருந்துட்டு வந்தேனுங்க. எழுதறதுல பொறுமை இருந்தா தாராளமாப் போலாம்.

களத்துல இருந்து வர்ற சேதியெல்லாம் சாயங்காலத்துக்குள்ள ஒரே அறிக்கையாக்கி மேல அனுப்போணும். 'மாட்டை ஓட்டிட்டுப் போயிட்டாங்க'ன்னு ஒரு வரி வரும். எந்த ஊரு, எப்போ, நேர்ல பார்த்தது யாரு, இன்னொருத்தர் அதையே சொல்றாரா? இல்லீன்னா 'உறுதிப்படுத்தப்படவில்லை'ன்னுதான் போடோணும். பரபரப்பா ஒரு வார்த்தை சேர்த்தாலும் வெட்டிருவாங்க, அது நல்லதுதானுங்க.

மாட்டுச் சந்தையிலயே வளர்ந்த எனக்கே அங்க மாட்டுக்கு இருக்கற மதிப்பு திகைப்பா இருந்துச்சு. டிங்கா, நூவேர் சனங்க பொண்ணுக்குப் பரிசமே மாடுதான் குடுப்பாங்க. ஒரு பட்டி களவு போனா ரெண்டு ஊரு ஆயுதத்தோட நிக்கும்.

சம்பளம்னு இல்லீங்க, மாசாமாசம் வாழ்க்கைப்படி. காப்பீடும் போக்குவரத்துச் செலவும் அவங்களுது. ஊட்டுக்குப் பணம் சேர்க்கோணும்னு போனா சரிப்படாது.

விண்ணப்பம் ஐ.நா. தன்னார்வலர் அமைப்போட வலைத்தளத்துலயே இலவசம். கோயமுத்தூர்ல ஒரு ஏஜென்ட் இதுக்குக் காசு கேட்டாரு, பைசா குடுத்துராதீங்க.