நகரப் பேருந்தில் இரண்டு மாதம்: வண்டிக்கு நல்ல மதிப்பெண், காத்திருப்புக்கு இல்லை

கார் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, கடந்த இரண்டு மாதங்களாக வேலைக்குப் போகவும் வரவும் எங்கள் நகரப் பேருந்தை மட்டுமே நம்பியிருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐந்து லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட மக்கள்தொகை கொண்ட எந்த நகரத்தில் வாழ்பவரும் இதைத் தம் ஊராகவே எண்ணிப் படிக்கலாம். நடந்தே சுற்றிவிடும் அளவுக்குச் சிறியதும் அல்ல, சுரங்க ரயிலுக்குச் செலவழிக்கும் அளவுக்குப் பெரியதும் அல்ல என்ற இடைநிலையில் இருக்கும் இத்தகைய நகரங்களில்தான், பொதுப் போக்குவரத்தில் பணம் போடுவது தேவையா என்ற கேள்வி ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் எழுந்து, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே பயணம் செய்தேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாழ்தளப் பேருந்து, இருக்கைகள் சுத்தமாக இருந்தன, ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். அடுத்த நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கும் ஒலிபெருக்கி மட்டும் ஒரு நிறுத்தம் பின்தங்கியே பேசிக்கொண்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் அதற்கும் பழகிவிட்டேன். ஏறி உட்கார்ந்துவிட்டால் சுகமான பயணம்தான். சிக்கல் முழுவதும் ஏறுவதற்கு முன்னால் இருக்கிறது.

எங்கள் தடத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று நிறுத்தத்துப் பலகையில் எழுதியிருக்கிறது. முதல் வாரத்தில் ஒரு காலை 8.10-க்கு நிறுத்தத்துக்குப் போனேன், 8.36 வரை ஒரு வண்டியும் வரவில்லை. பிறகு இரண்டு வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்து நின்றன. முதல் வண்டியின் படியில் கால் வைக்க இடமில்லை. கைத்தடியோடு நின்றிருந்த ஒரு மூதாட்டி அசையாமல் இருந்தார். நான் முண்டியடித்ததைப் பார்த்து, “தம்பி, பின்னாடி நிக்கிற வண்டியில ஏறு, அதுதான் எப்பவும் காலியா வரும்” என்றார். ஏறினேன். என்னையும் அவரையும் சேர்த்து பதினொரு பேர்.

இது ஓட்டுநர்களின் அலட்சியம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உண்மையில் இது கணக்கின் விளையாட்டு. ஒரு வண்டி ஏதோ ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் தாமதப்பட்டால், அடுத்த நிறுத்தத்தில் அந்த மூன்று நிமிடத்தில் சேர்ந்த கூட்டமும் அதற்காகக் காத்திருக்கிறது. எங்கள் சேவையில் ஓட்டுநரே பயணச்சீட்டும் கொடுப்பதால், ஓர் ஆளுக்கு நான்கு விநாடி என்று வைத்தாலும் முப்பது பேர் ஏற இரண்டு நிமிடம் போய்விடும். வண்டி மேலும் தாமதமாகிறது. முன்னால் கூட்டம் மேலும் பெருகுகிறது. பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்றிச்செல்ல ஆளே மிஞ்சுவதில்லை என்பதால், அது விரைந்து வந்து முன்னதை எட்டிப்பிடித்துவிடுகிறது. 12 நிமிடத்துக்கு ஒன்றாக ஓட வேண்டியவை 24 நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக ஓடத் தொடங்கினால், ஆறு நிமிடமாக இருக்க வேண்டிய சராசரிக் காத்திருப்பு பன்னிரண்டு நிமிடமாகிறது. வண்டிகளின் எண்ணிக்கை அதேதான், செலவும் அதேதான், பயணிக்குக் கிடைப்பது மட்டும் பாதி.

ஆகவே, முதலீடு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எதில் என்பதில்தான் நகரங்கள் வழுக்கி விழுகின்றன. புதிய வண்டி வாங்கினால் கொடியசைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம். ஏற்கெனவே இருக்கும் வண்டி நெரிசலில் நிற்காமல் போக வழிசெய்தால் அப்படி எடுத்துக்காட்ட எதுவும் இருக்காது. எங்கள் தடத்தில் ஒரு வண்டி போய்த் திரும்ப 72 நிமிடம் பிடிக்கிறது. 12 நிமிடத்துக்கு ஒன்று விட ஆறு வண்டிகள் தேவை. கடைத்தெருவை ஒட்டிய நெரிசலான பகுதியில் பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கி 12 நிமிடத்தை மிச்சப்படுத்தினால், அதே ஆறு வண்டிகள் 10 நிமிடத்துக்கு ஒன்றாக ஓடும். ஒரு வண்டிகூட வாங்க வேண்டாம். ஓர் ஓட்டுநரைக்கூட கூடுதலாக எடுக்க வேண்டாம். கையிருப்புக் குறைந்த நகராட்சிக்கு இதைவிட மலிவான முதலீடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தனித்தடம் என்றதும் கார் வைத்திருப்பவர்கள் (நானும் அவர்களில் ஒருவன்) சாலை பறிபோகிறது என்று கொதிப்பார்கள். ஒரு மணி நேரத்தில் 700 கார்கள் போகும் ஒரு நகரச் சாலைத் தடத்தில், காருக்கு ஒன்றரைப் பேர் என்று வைத்தால் ஆயிரத்துச் சொச்சம் பேர் கடக்கிறார்கள். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பேருந்து, அதில் ஐம்பது பேர் என்றால் மூவாயிரம் பேர். ஆனால் மணிக்கு ஐந்தே பேருந்து ஓடும் சாலையில் தனித்தடம் ஒதுக்கினால் காரில் இருப்பவரின் கொதிப்பு நியாயமாகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல பேருந்து வழித்தடங்கள் வந்து சேரும் சாலைகளில் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-லேயே பேருந்துகளுக்கென்று தனிச்சாலைகளைத் திறந்தது. அப்போது அதன் மக்கள்தொகை ஆறு, ஏழு லட்சம்தான். கட்டடக் கலைஞரான மேயர் ஜைமே லெர்னர் காலத்தில் தொடங்கிய அந்த ஏற்பாட்டோடு, 1991-ல் குழாய் வடிவ நிறுத்தங்களும் சேர்ந்தன. நிறுத்தத்துக்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிடுவதால், வண்டி வந்ததும் எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கலாம். நிறுத்தத்தின் தளமும் வண்டியின் தளமும் ஒரே உயரம். எங்கள் ஊரில் வண்டி வாசலில் செலவாகும் அந்த இரண்டு நிமிடத்துக்கான மருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்ணெதிரே இருக்கிறது.

தண்டவாளமே கூடாது என்பது என் வாதம் அல்ல. 1958-ல் டிராமைக் கைவிட்ட பிரான்சின் நாந்த் நகரம் 1985-ல் அதைப் புதிதாகக் கட்டித் திறந்தது; தானியங்கி மெட்ரோத் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு 1994-ல் டிராம் விட்ட ஸ்ட்ராஸ்பூர்கும் பெரிய நகரம் அல்ல. ஆனால் அந்த நாட்டில், நிறுவனங்கள் வழங்கும் ஊதியத் தொகையின்மீது பொதுப் போக்குவரத்துக்கென்றே ஒரு வரி 1970-கள் முதல் வசூலாகிறது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் அது. அப்படியொரு வருவாய் இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவைப் பார்க்கலாம். பல ஆண்டுத் தாமதத்துக்கும் செலவுப் பெருக்கத்துக்கும் பிறகு, திட்டமிட்டதைவிடக் குறுகிய வழித்தடத்தோடுதான் அங்கே 2014-ல் டிராம் ஓடத் தொடங்கியது; மீதிப் பகுதி நியூஹேவன் வரை நீள 2023 ஆயிற்று.

கட்டணத்தை முழுவதும் எடுத்துவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எஸ்டோனியாவின் தாலின் 2013 முதல் தன் நகரவாசிகளுக்கு அப்படிச் செய்தது. பிரான்சின் டன்கர்க் 2018-ல் எல்லோருக்கும் செய்தது. டன்கர்க் அதோடு நிற்காமல் தடங்களையும் திருத்தியமைத்து, வண்டிகளையும் அடிக்கடி விட்டது என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். எனக்குக் கட்டணம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கட்டணம் உறுத்துகிறவர்களுக்குச் சலுகை தருவதே நியாயம். இலவசமாக இருந்தாலும் 26 நிமிடம் காத்திருந்திருக்க மாட்டேன்.

பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-ல் காட்டிய ஒரு தன்மை இங்கே பொருந்துகிறது. சாலையில் புதிதாக ஒரு கார் சேர்ந்தால் மற்ற எல்லோருக்கும் தாமதம். பேருந்தில் பயணிகள் சேர்ந்து, அதற்கேற்பச் சேவையும் கூட்டப்பட்டால், பழைய பயணிகளின் காத்திருப்பும் குறைகிறது. பொதுப் போக்குவரத்துக்கு மானியம் தருவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இதன் மறுபக்கம்தான் கசப்பானது: ஆள் வரவில்லை என்று நடைகளைக் குறைத்தால், நடை குறைந்ததால் ஆள் வராமல் போகிறது. மதிய வேளையில் காலியாக ஓடுகிறது என்று எங்கள் ஊரில் குறைக்கப்பட்ட தடங்களுக்கு நேர்ந்தது அதுவே.

தடங்களின் வரைபடம் பற்றியும் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பேருந்து என்ற நல்லெண்ணத்தில், எங்கள் தடங்களில் பாதி, குடியிருப்புகளுக்குள் புகுந்து வளைந்து வெளியே வருகின்றன. காரில் பதினைந்து நிமிடத்தில் போகும் தூரத்துக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் மிகப் பெரிய நகரம்தான். ஆனாலும் 2015 ஆகஸ்டில் அது தன் உள்ளூர்ப் பேருந்து வலையமைப்பை ஒரே இரவில் மாற்றியமைத்த விதம் எங்களைப் போன்ற நகரங்களுக்கும் உதவும். நகர மையத்தை நோக்கியே ஓடிய தடங்களைக் குறுக்கும் நெடுக்குமான நேர்தடங்களாக்கி, ஓட்டும் செலவைப் பெரிதாகக் கூட்டாமலே அடிக்கடி வண்டி வரும் தடங்களைப் பெருக்கினார்கள். இதனால் சிலர் நிறுத்தத்துக்குக் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும். கைத்தடி மூதாட்டியை நினைத்தால் இந்த இடத்தில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. அவருக்குத் தனியாக ஒரு சிற்றுந்து ஏற்பாடு வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்காக எல்லோருடைய வண்டியும் எல்லாச் சந்துக்குள்ளும் புகுந்துவர வேண்டியதில்லை.

வண்டிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன், ஓட்டுநர்களுக்கு ஐந்தும், காத்திருப்புக்கு ஒன்றரை. மாதப் பயண அட்டையைப் புதுப்பித்துவிட்டேன், ஆனால் காரை விற்கவில்லை. வியாழக்கிழமைகளில் அலுவலகக் கூட்டம் முடிய இரவு 9.30 ஆகிறது, எங்கள் பகுதிக்கான கடைசி வண்டி 9.10-க்கே கிளம்பிவிடுகிறது.