ஸ்க்ராட்ச்சில் ஒரு மாங்காய் கேம்: காசு செலவில்லை, மண்டைதான் கொஞ்சம் காய்ந்தது

கோடை லீவில் மகளைக் கோடிங் வகுப்பில் சேர்க்கலாம் என்று விசாரித்தால், ஒரு இடத்தில் ஸ்க்ராட்ச் (குழந்தைகள் கட்டளைப் பிளாக்குகளைக் கோர்த்து கேம் செய்யும் கோடிங் மென்பொருள்) சொல்லிக்கொடுக்கவே ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபில் உருவாகி 2007-லிருந்து எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற சமாச்சாரம் அது. சரி, நாமே உட்கார்ந்து பார்ப்போம் என்று பிரவுசரில் திறந்துவிட்டோம். செய்து பார்க்க அக்கவுன்ட்கூட வேண்டாம், செய்ததைப் பகிரத்தான் வேண்டும்.

மேலேயிருந்து மாங்காய் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேம். கலர் கலரான பிளாக்குகளை இழுத்து ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோர்த்தால் போதும், பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது, அதனால் டைப் செய்து எழுதும் கோடிங்கில் வருகிற, அரைப்புள்ளியை விட்டுவிட்டேன், அடைப்பை மூடவில்லை என்கிற அழுகையே கிடையாது. அரைமணி நேரத்தில் கூடை ஓட ஆரம்பித்துவிட்டது.

மாங்காயில்தான் மாட்டினோம். திரையின் உயரம் 360, நடுப்புள்ளி பூஜ்யம், ஆக அடிவிளிம்பு மைனஸ் 180. ஒய் மதிப்பு (மேலே கீழே எங்கே இருக்கிறது என்று சொல்லும் எண்) மைனஸ் 200-க்குக் கீழே போனால் அந்தக் குளோனை, அதாவது விழுகிற மாங்காய் நகலை, அழித்துவிடு என்று நான்தான் கெட்டிக்காரத்தனமாகப் போட்டேன். "அப்பா, எதுவும் போகமாட்டேங்குது, அடியில குவியுது பாருங்க" என்றாள். பார்த்தால் காம்பு மட்டும் தெரிகிற மாதிரி வரிசையாக மாங்காய்கள். ஒய் மதிப்பைத் திரையில் காட்ட டிக் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது: ஸ்க்ராட்ச் எந்த உருவத்தையும் முழுசாகத் திரைக்கு வெளியே போக விடாது, ஓரத்தில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் மாங்காய் மைனஸ் 190 சொச்சத்திலேயே நின்றுவிட்டது, 200 எங்கே வரும்? ஒரே நேரத்தில் 300 குளோனுக்கு மேல் இருக்க முடியாது என்பதால், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மரமே காய்ப்பதை நிறுத்தியிருக்கும். மைனஸ் 170 என்று மாற்றினாள் (நானில்லை, அவள்தான்), சரியாகிவிட்டது.

போனில் உருவாக்க லாயக்கில்லை, லேப்டாப்போ டேப்லெட்டோ வேண்டும். ஸ்கோர் தானாகப் பூஜ்யமாகாது, கேமைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தியதும் பூஜ்யமாக்கு என்று நாமே பிளாக் வைக்க வேண்டும், இது குறையா பாடமா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. நெட் சரியில்லாத வீட்டுக்கு இறக்கிப் போட்டுக்கொள்ளும் பதிப்பு உண்டு. எட்டு வயதுக்குக் கீழே என்றால் சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் பக்கம் போங்கள்.

மாங்காயின் ஒய் மதிப்பு ஒரு தடவைக்கு 5 இறங்குவது ரொம்ப மெதுவாம். 9 ஆக்கிவிட்டு என்னை விளையாடச் சொன்னாள். நான் பிடித்தது மூன்று.